முந்நூறு மீட்டரின் விலை

தொலைவில் நிற்கும் விலங்கைச் சுட, கையைக் கடிக்காத விலையில் எந்த ரைபிளை வாங்கலாம்? நியூசிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ இது துப்பாக்கிக் கடையில் கேட்கப்படும் கேள்வி. பினாங்கில் கேட்டால் பதில் காவல்துறையிடமிருந்துதான் தொடங்க வேண்டும். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கிக்குக்கூட உரிமம் வேண்டும். தோட்டக்காரருக்கும் வேட்டை அனுமதி உள்ளவருக்கும் கிடைப்பது பெரும்பாலும் ‘செனாப்பாங் பாத்தா’ எனப்படும், நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற ரவைத் துப்பாக்கிதான். பொதுமக்கள் கையில் ரைபிளைப் பார்ப்பது மிக அரிது. இருந்தும் இந்தக் கேள்வியை ஓர் அறிவியல் நூலில் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. தூரத்தைக் காசு கொடுத்து வாங்கலாம் என்ற நம்பிக்கை இதற்குள் ஒளிந்திருக்கிறது. கூடுதல் விலை கொடுத்தால் கூடுதல் தூரம் எட்டும் என்று வாங்குபவரும் நினைக்கிறார், விற்பவரும் நினைக்க வைக்கிறார். ஆனால் குழலை விட்டு வெளியேறிய குண்டுக்குத் தன் துப்பாக்கியின் விலை தெரியாது. அதன் பிறகு அதன் கதியைத் தீர்மானிப்பவை காற்று, ஈர்ப்பு, காலம் ஆகிய மூன்றும்தான். சுமாரான ரைபிளுக்கும் உயர்ந்த ரைபிளுக்கும் உள்ள வேறுபாடு இந்த மூன்றின் முன்னால் எவ்வளவு சிறியது என்பதைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

காற்றின் பங்கை முதலில் அளந்தவருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பெஞ்சமின் ராபின்ஸ் 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்த கணித அறிஞர். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கோட்டைகளைச் செப்பனிடும் பொறியாளராக அனுப்பிவைத்தது. 1750இல் வந்து இறங்கியவர், அடுத்த ஆண்டு ஜூலையிலேயே கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். அதற்கு முன்பே, 1742இல், பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் ஐரோப்பாவைத் திரும்பிப் பார்க்க வைத்திருந்தது. மாபெரும் கணித மேதை ஆய்லரே அதை ஜெர்மன் மொழியில் விரிவான உரையுடன் வெளியிட்டார். ராபின்ஸ் செய்த சோதனை மிக எளிமையானது. கனமான மரக்கட்டை ஒன்றை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டு அதன்மீது சுட்டார். கட்டை எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். கட்டையைத் தள்ளித்தள்ளி வைத்துச் சுட்டபோது, போகப்போக வேகம் எவ்வளவு குறைகிறது என்பதும் தெரிந்தது. அதுவரை காற்றின் தடையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். முக்கால் அங்குல ஈயக்குண்டு நொடிக்கு சுமார் 510 மீட்டர் வேகத்தில் போகும்போது, காற்று அதன்மீது செலுத்தும் எதிர்விசை குண்டின் எடையைப் போல 120 மடங்கு என்று ராபின்ஸ் கண்டார். காற்றே இல்லாவிட்டால் அந்தக் குண்டு 27 கிலோமீட்டர் போயிருக்கும். உண்மையில் அது ஒரு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை.

குழலுக்குள் சுருள் பள்ளங்கள் வெட்டிக் குண்டைச் சுழலவிட்டால் அது நேராகப் பறக்கும் என்பதையும் ராபின்ஸ் 1747இலேயே வாதிட்டார். அந்தச் சுருள் பள்ளமுள்ள குழல்தான் ரைபிள். சுழலும் குண்டு தலைகுப்புறப் புரளாது என்பதால் அதை உருண்டையாக வார்க்க வேண்டிய அவசியம் போயிற்று. நீளமாக, முனை கூர்மையாக வடிக்க முடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூர்முனைக் குண்டுகள் ராணுவங்களுக்கு வந்தன. இன்று உலகெங்கும் வேட்டைக்குப் பயன்படும் .308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 11 கிராமுக்குச் சற்றுக் குறைவான அதன் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ராபின்ஸின் ஈயக்குண்டைவிட ஒன்றரை மடங்கு வேகம். ஆனாலும் அதன்மீது காற்றின் தடை எடையைப் போல ஏறக்குறைய 55 மடங்குதான். குறைந்திருக்கிறதே தவிர, இல்லாமல் போகவில்லை. 100 மீட்டரை அது 0.13 நொடியில் கடக்கிறது. அந்த நேரத்தில் ஈர்ப்பு அதை 8 சென்டிமீட்டர் கீழே இழுக்கும். 300 மீட்டரில் இந்த இறக்கம் 80 சென்டிமீட்டரைத் தாண்டும். 500 மீட்டரில் மூன்று மீட்டரை நெருங்கும். தூரம் ஐந்து மடங்கானபோது இறக்கம் முப்பது மடங்குக்கு மேல் பெருகியிருப்பதைக் கவனிக்க வேண்டும். விழும் தூரம் காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்தக் காலத்தையும் காற்று நீட்டிக்கொண்டே போகிறது.

இறக்கம்கூட அவ்வளவு தொல்லை இல்லை. ஈர்ப்பு நாணயமானது, நேற்று இழுத்த அளவே இன்றும் இழுக்கும். தூரம் தெரிந்தால் அட்டவணையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். தூரத்தைத் தவறாக மதித்தால்தான் வினை. 150 மீட்டரில் 7 மீட்டர் தவறாகக் கணித்தால் குண்டு ஒரு சென்டிமீட்டர் விலகும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். 500 மீட்டரில் அதே விகிதத்தில், அதாவது 25 மீட்டர், தவறினால் விலகல் 18 சென்டிமீட்டர் அளவுக்குப் போகும். பக்கக் காற்றோ இதைவிடப் பொல்லாதது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் மெல்லிய காற்று, மேற்சொன்ன குண்டை 150 மீட்டரில் 6 சென்டிமீட்டரும், 300 மீட்டரில் 25 சென்டிமீட்டரும், 500 மீட்டரில் 70 சென்டிமீட்டர் அளவிலும் தள்ளிவிடும். அந்தக் காற்று சுடுபவர் நிற்கும் இடத்தில் ஒரு மாதிரியும், இடையிலுள்ள பள்ளத்தில் வேறு மாதிரியும், விலங்கு நிற்கும் சரிவில் எதிர்த்திசையிலும் வீசலாம். புல் அசைவதைப் பார்த்து அனுபவசாலி ஒருவர் பாதியளவுக்குச் சரியாக ஊகிக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், மீதிப் பாதி பிழையாக அப்படியே நிற்கும்.

இனி துப்பாக்கியின் பிழையைப் பார்ப்போம். கட்டி வைத்துச் சுட்டாலும் எந்த ரைபிளும் ஒரே துளையில் எல்லாக் குண்டுகளையும் போடுவதில்லை. குண்டுகள் ஒரு சிறு வட்டத்துக்குள் சிதறும். அந்தச் சிதறலைக் கோணக் கலையில் அளப்பார்கள். ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். மலிவு விலை ரைபிள் நல்ல தோட்டாவுடன் ஒன்றரைக் கலைக்குள் சுடுகிறது என்று கொள்வோம். அதைவிடப் பல மடங்கு விலையுள்ளது ஒரு கலைக்குள் சுடட்டும். 300 மீட்டரில் முதலாவதன் சிதறல் மையத்திலிருந்து 6.5 சென்டிமீட்டர், இரண்டாவதன் சிதறல் 4.4 சென்டிமீட்டர். காட்டில் மரத்தில் சாய்ந்தோ மூட்டையில் குழலை வைத்தோ சுடுபவரின் கை நடுக்கம் 10 சென்டிமீட்டர், காற்றை ஊகித்ததில் வரும் பிழை 12 சென்டிமீட்டர் என்று வைப்போம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. அத்தகைய பிழைகள் நேராகக் கூடுவதில்லை. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பள்ளியில் செங்கோண முக்கோணத்துக்குப் படித்த அதே கணக்குத்தான். மலிவு ரைபிளுக்கு மொத்தப் பிழை 16.9 சென்டிமீட்டர் வருகிறது. விலை உயர்ந்ததற்கு 16.2. கட்டிய கூடுதல் பணம் அனைத்தும் வாங்கிக் கொடுத்தது 7 மில்லிமீட்டர். காற்றைக் கணிக்கும் பிழையை மட்டும் பாதியாகக் குறைத்திருந்தால், அதே மலிவு ரைபிளில் மொத்தப் பிழை 13.4க்கு இறங்கியிருக்கும். துப்பாக்கியையும் மாற்றாமல், திறமையையும் கூட்டாமல், விலங்கை நோக்கி 150 மீட்டர் நெருங்கிப் போயிருந்தால் 6.7. ஒரு காட்டுப்பன்றியின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் குறுக்களவு உடையது, அதாவது மையத்திலிருந்து 10. ஆக, 300 மீட்டரில் எந்த விலைத் துப்பாக்கியும் போதவில்லை. 150 மீட்டரில் மலிவானதே தாராளமாகப் போதும்.

வர்க்கமாக்கும்போது பெரிய எண் மேலும் பெரிதாகும், சிறியது கரைந்துபோகும். பல பிழைகளில் பெரியதைக் குறைக்காமல் சிறியதைச் செப்பமாக்குவதில் பயனில்லை என்பது அளவீட்டு அறிவியலின் பழைய பாடம். துப்பாக்கி வாங்குபவர்களுக்கு இது எட்டாததற்கு ஒரு காரணம், சிறிய பிழைக்குத்தான் விலைச்சீட்டு இருக்கிறது. காற்றைப் படிக்கும் திறமையை எந்தக் கடையிலும் பொட்டலம் கட்டித் தர மாட்டார்கள்.

மலிவான ரைபிள் ஒன்றரைக் கலைக்குள் சுடும் என்பதையே சிலர் ஏற்க மாட்டார்கள். நம் தாத்தா காலத்தில் அந்தச் சந்தேகம் நியாயமானது. 1898ஆம் ஆண்டின் மவுசர் துப்பாக்கியின் உடற்பகுதியைச் செதுக்க ஏராளமான எந்திரவேலை தேவைப்பட்டது. குழலையும் உடற்பகுதியையும் பொருத்தி, தோட்டா உட்காரும் இடைவெளியை மயிரிழை அளவுக்குச் சரிசெய்யக் கைதேர்ந்த தொழிலாளி வேண்டும். விலையில் பெரும்பகுதி அந்தக் கைக்குத்தான் போயிற்று. 1948இல் ரெமிங்டன் நிறுவனம் உருண்டைக் கம்பியிலிருந்தே உடற்பகுதியைக் கடைந்தெடுக்கும் முறைக்கு வந்தது. 1958இல் சாவேஜ் நிறுவனத்துக்காக நிக்கோலஸ் புரூவர் வடிவமைத்த 110 என்ற ரைபிளில், குழலை ஒரு நட்டால் இறுக்கி அந்த இடைவெளியைச் சரிசெய்துவிடலாம் என்றாயிற்று. கைதேர்ந்தவர் செய்த வேலையை ஒரு நட்டும் ஓர் அளவுகோலும் செய்தன. 2011இன் இறுதியில் வந்த ரூகர் அமெரிக்கன் ரைபிளும் இதே வழியைப் பின்பற்றிச் சில நூறு டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மனியில் வளர்ந்த, குழலைச் சுற்றிலும் சுத்தியலால் அடித்து உள்ளே சுருள் பள்ளம் பதிக்கும் முறையும், கணினி வழி நடத்தும் கடைசல் எந்திரங்களும் சேர்ந்து, ஒழுங்கான குழல் என்பதைச் சாதாரணப் பொருளாக்கிவிட்டன. மலிவு ரைபிளில் மிச்சம் பிடித்தது பளபளப்பிலும், மரக்கட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் கட்டை போட்டதிலும். குண்டு போகும் பாதையில் அவ்வளவாகக் கை வைக்கவில்லை.

மூன்று குண்டுகள் சுட்டு ‘என் ரைபிள் ஒரு கலைக்குள் சுடுகிறது’ என்று காட்டும் விளம்பரங்களையும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். குண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட, ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் விழும் இரண்டின் இடைவெளியும் கூடும் என்பது புள்ளியியல். மூன்று குண்டுகளில் சராசரியாக 3 சென்டிமீட்டர் சிதறும் துப்பாக்கி, பத்துக் குண்டுகளில் ஏறக்குறைய 4.7 சென்டிமீட்டர் சிதறும். துப்பாக்கி மாறவில்லை, எண்ணிக்கைதான் மாறியது. மூன்று குண்டுகளைக் கொண்டு இரண்டு துப்பாக்கிகளை ஒப்பிடுபவர் பெரும்பாலும் தற்செயலை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் போட்டிகளில் சுடுபவர்கள் ஏன் அவ்வளவு செலவு செய்கிறார்கள் என்ற மறுப்பு எழும். நல்ல மறுப்பு. ஆனால் அவர்கள் சுடும் களத்தைப் பாருங்கள். தூரம் துல்லியமாக அளக்கப்பட்டிருக்கிறது. காற்றைக் காட்டக் கொடிகள் நட்டிருக்கிறார்கள். குப்புறப் படுத்து, தோல்வார் மாட்டி, இலக்கு அசையாது என்ற உறுதியோடு சுடுகிறார்கள். மற்றப் பிழைகளையெல்லாம் இப்படிச் சுருக்கிவிட்ட பிறகு, மிஞ்சுவதில் பெரிய பிழையாகத் துப்பாக்கியே வந்து நிற்கிறது. அங்கே பணத்தை அதில் போடுவது சரி. அதே கணக்கு, காட்டில் பணத்தை வேறெங்கோ போடச் சொல்கிறது. நல்ல ஸ்கோப், பயிற்சிக்கு நிறையத் தோட்டாக்கள், இவையே முதல். ஒவ்வொரு அதிர்ச்சிக்கும் இடம் பெயரும் மட்டமான ஸ்கோப், எவ்வளவு நல்ல குழலையும் பொய்யாக்கிவிடும். மலிவு ரைபிளிலும் பார்த்து வாங்க வேண்டியவை உண்டு. விசை கடினமாக இருந்தால் இழுக்கும் விரலே குழலை அசைத்துவிடும். எடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நல்ல விசை 2000களின் தொடக்கத்திலிருந்தே மலிவு ரைபிள்களிலும் வரத் தொடங்கிவிட்டது. மெலிந்த பிளாஸ்டிக் கட்டை வளைந்து குழலைத் தொட்டால் அதிர்வு மாறி, குண்டு போகும் இடமும் மாறும். ஒரு ரிங்கிட் தாள் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே தடையின்றி ஓடினால் பயமில்லை.

இன்னொரு மறுப்பு கருவிகளைப் பற்றியது. லேசர் தூரமானி தூரத்தைச் சொல்கிறது, கைபேசிச் செயலி இறக்கத்தைக் கணக்கிடுகிறது, இனித் தொலைவு ஒரு பிரச்சினையா என்று கேட்கிறார்கள். ஈர்ப்பின் பகுதி தீர்ந்துவிட்டது, உண்மை. காற்றின் பகுதி தீரவில்லை. கையிலிருக்கும் காற்றுமானி கையில் வீசும் காற்றைத்தான் அளக்கும். அதோடு, இந்தக் கருவிகளின் கணக்கில் விலங்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. 500 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு 0.8 நொடி ஆகும். மேய்ந்துகொண்டே மெதுவாக, நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் பன்றி அதற்குள் 80 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நெஞ்சுக்குக் குறிவைத்தது வயிற்றில் படும். இதைத் திருத்தும் செயலி எதுவும் வரப்போவதில்லை, ஏனென்றால் அடுத்த நொடியில் நடப்பதா நிற்பதா என்பதைப் பன்றி இன்னும் முடிவு செய்யவில்லை. வயிற்றில் அடிபட்ட விலங்கு உடனே சாகாது. புதருக்குள் புகுந்து பல மணிநேரம் துடிக்கும். வேட்டை கூடுமா கூடாதா என்ற விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்பவரும் இந்த ஒன்றை விரும்ப மாட்டார்.

மலிவான ரைபிள் என்றதும் இந்திய வாசகர்களுக்கு .315 நினைவுக்கு வரலாம். ராணுவம் பயன்படுத்திய .303 குழலளவு பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டது. அதனால் அதே வகை ரைபிளில் குழலளவை மட்டும் மாற்றி, அரசு ஆயுதத் தொழிற்சாலை அதைப் பல பத்தாண்டுகள் தயாரித்தது. மழுங்கிய முனையுள்ள கனமான குண்டு. தொலைவுக்கு லாயக்கற்றது என்பார்கள், அது சரிதான். ஆனால் நாம் படித்து வியந்த வேட்டைக்காரர்கள் தொலைவிலிருந்து சுட்டுப் பெயர் வாங்கவில்லை. 1907இல் சம்பாவத் பெண்புலியைக் கொன்றபோது ஜிம் கார்பெட், தன் தோட்டாக்கள் தீர்ந்து, தாசில்தாரின் துப்பாக்கியை இரவல் வாங்கித்தான் முடித்தார். அதுவும் ரவைத் துப்பாக்கி.

பினாங்கில் இந்த வாதம் இன்னும் இறுகுகிறது. 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலையின் சரிவுகளிலோ பாலிக் புலாவின் டுரியான் தோட்டங்களை ஒட்டிய புதர்களிலோ கண் எட்டுவது சில பத்து மீட்டர்கள்தான். செபராங் பிறையின் செம்பனை வரிசைகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் தெரியும். அண்டையிலுள்ள பேராக்கின் காடுகளில் வாழும் ஒராங் அஸ்லி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஊதுகுழலால் வேட்டையாடி வந்திருக்கிறார்கள். ஈப்போ மரத்தின் நஞ்சு தடவிய அந்த அம்பு இருபது முப்பது மீட்டருக்கு மேல் பயன்படாது. அவர்களுக்கு அது போதுமாக இருந்ததற்குக் காரணம் தொழில்நுட்பக் குறைவு அல்ல. அந்தக் காட்டில் அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. ரைபிளின் குண்டோ குறி தவறினால் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் வரை போகக்கூடியது. சுமார் 293 சதுர கிலோமீட்டரில் பல லட்சம் பேர் வாழும் தீவில், வீடோ சாலையோ குறுக்கிடாத அத்தகைய நேர்கோடு கிடைப்பது அரிது. ரவைத் துப்பாக்கியின் பெரிய ரவைகள் சில நூறு மீட்டரிலேயே விழுந்துவிடும். காரணம் ராபின்ஸ் அளந்த அதே தடை. எட்டரை மில்லிமீட்டர் ஈய உருண்டை நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போகும்போது, காற்று அதன் எடையைப் போல நூறு மடங்குக்கு மேல் எதிர்க்கிறது. வேட்டைக்காரருக்குக் குறையாகத் தெரிவது, மலையடிவாரத்தில் ஆயர் ஹீத்தாமில் குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு. சட்டத்தை எழுதியவர்கள் இயற்பியலைப் பார்த்து எழுதவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்பே அவர்களுடைய கவலை. இருந்தும் இந்த நிலத்துக்குப் பொருந்தும் ஆயுதத்தில்தான் வந்து நின்றிருக்கிறார்கள்.

ரவைத் துப்பாக்கிக்காரர் இதனால் கணக்கிலிருந்து தப்பிவிடவில்லை. ஒடுக்கம் இல்லாத குழலிலிருந்து வரும் பெரிய ரவைகள் 15 மீட்டரில் சுமார் 40 சென்டிமீட்டர் வட்டத்திலும், 30 மீட்டரில் 80 சென்டிமீட்டர் வட்டத்திலும் பரவும் என்பது பழைய கைக்கணக்கு. ஒரு தோட்டாவில் ஒன்பது ரவைகள் இருந்து, அவை சீராகப் பரவினால், பன்றியின் அந்த 20 சென்டிமீட்டர் பகுதியில் 15 மீட்டரில் சராசரியாக இரண்டு விழும். 30 மீட்டரில் ஒன்றுகூட உறுதியில்லை. ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு தோட்டா வகையோடும் வேறு வேறு விதமாகப் பரப்பும் என்பதால், புதிய துப்பாக்கிக்கு ஆசைப்படுவதற்கு முன், உரிமம் அனுமதிக்கும் தோட்டாக்களில் சிலவற்றைச் சுடுகளத்தில் பெரிய காகிதத்தின்மீது 15, 20, 25, 30 மீட்டர்களில் சுட்டு, ஒரு தட்டளவு வட்டத்துக்குள் எத்தனை துளைகள் என்று எண்ணிப் பார்க்கலாம். மூன்றுக்குக் கீழே இறங்கும் தூரத்தில் அந்தத் துப்பாக்கியின் எல்லை முடிகிறது.